டிப்ளமோ முடிச்சாச்சு, பி.இ. போகணுமா? மலையில இருந்து பார்த்தா வர்ற கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

பாலிடெக்னிக் கடைசி செமஸ்டர் எழுதிட்டு ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும், அவங்க வீட்ல இருக்கிறவங்களுக்கும்தான் இன்னிக்கு எபிசோட். கேள்வி ஒண்ணே ஒண்ணு: இதோட வேலைக்குப் போறதா, இல்ல இன்னும் மூணு வருஷம் பி.இ. படிக்கிறதா?

தாண்டிக்குடி பக்கத்துல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். மெக்கானிக்கல் டிப்ளமோ. அப்பா காபி எஸ்டேட்ல வேலை. ஓசூர் பக்கம் ஒரு கம்பெனியில அப்ரண்டிஸா எடுத்திருக்காங்க. அம்மா "பி.இ. முடிச்சாதான் மரியாதை"ங்கிறாங்க. மாமா "படிச்சது போதும், தங்கச்சி பிளஸ் டூ வந்துட்டா"ங்கிறார். "அண்ணா, நீங்க பி.இ. படிச்சவர், என்ன பண்ணட்டும்?"னு கேட்டிருந்தார். இதே மாதிரி பண்ணைக்காடு, பெருமாள்மலை, பூம்பாறைன்னு நம்ம மலைப் பக்கத்துல இருந்தே நிறைய மெசேஜ் வந்திருக்கு. தனித்தனியா பதில் சொல்றதை விட மொத்தமா உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

முன்னாடியே ஒண்ணு சொல்லிடறேன். நான் பிளஸ் டூ முடிச்சு நேரா பி.இ. போனவன், இப்போ சாஃப்ட்வேர் வேலை. ஆனா எங்க கிளாஸ்ல மூணாவது செமஸ்டர்ல லேட்டரல் என்ட்ரியில வந்து சேர்ந்தவங்க கூடத்தான் மூணு வருஷம் பெஞ்சு பகிர்ந்துக்கிட்டேன். அவங்க பட்ட பாட்டையும் ஜெயிச்சதையும் பக்கத்துல இருந்து பார்த்திருக்கேன்.

முதல்ல, நாம எந்த ரோட்ல நிக்கிறோம்?

அமெரிக்காவுல "கம்யூனிட்டி காலேஜ்"னு ஒரு அமைப்பு இருக்கு. ரெண்டு வருஷம் உள்ளூர்ல குறைஞ்ச செலவுல படிச்சிட்டு, மீதி ரெண்டு வருஷத்துக்கு பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறிக்கலாம். கலிபோர்னியா மாநிலம் 1960ல போட்ட உயர்கல்வித் திட்டத்துல இந்தப் பாதையை முறைப்படியே வச்சிருக்காங்க. அங்க முதல் ரெண்டு வருஷம் படிச்ச பாடங்கள் பட்டப் படிப்போட கணக்குல சேரும்.

நம்ம ஊர்லயும் "சமுதாயக் கல்லூரி" உண்டு. 1995ல் புதுச்சேரி பல்கலைக்கழகமும் 1996ல் சென்னையிலும் தொடங்கினாங்க. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நிறைய இடங்களுக்கு அங்கீகாரம் கொடுத்தது. 2013ல் யுஜிசி தனித் திட்டமே கொண்டு வந்தது. ஆனா இங்க அதோட நோக்கம் வேற. பள்ளிப் படிப்பு நின்னு போனவங்களுக்கு ஒரு தொழில் கத்துக்கொடுத்து வேலைக்கு அனுப்புறதுதான் குறி. மேல ஏறிப் போற படிக்கட்டா அதைக் கட்டலை. அந்தக் குறையைப் போக்கத்தான் 2014ல் பி.வோக். படிப்பு வந்தது. ஒரு வருஷத்துல வெளிய வந்தா டிப்ளமோ, ரெண்டு வருஷத்துல அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூணு வருஷம் முடிச்சா பட்டம்.

உண்மையில தமிழ்நாட்டுல "கீழ இருந்து ஏறி யுனிவர்சிட்டி போற" பாதைன்னா அது பாலிடெக்னிக்தான். பத்தாவது முடிச்சா மூணு வருஷம். பிளஸ் டூ இல்ல ஐடிஐ முடிச்சிருந்தா நேரா ரெண்டாவது வருஷம். டிப்ளமோ முடிச்சதும் பி.இ. ரெண்டாம் ஆண்டுல சேரலாம். இதைத்தான் லேட்டரல் என்ட்ரின்னு சொல்றோம், அதாவது நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கை.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. அமெரிக்காவுல ரெண்டு வருஷம் படிச்சா ரெண்டு வருஷம் கழியும். இங்க மூணு வருஷம் டிப்ளமோ படிச்சா பி.இ.யில ஒரு வருஷம்தான் கழியும். பத்தாவதுக்கு அப்புறம் பிளஸ் டூ வழியாப் போனாலும் ஆறு வருஷம், டிப்ளமோ வழியாப் போனாலும் ஆறு வருஷம். நேரம் மிச்சம் ஆகாது. ஆனா மூணாவது வருஷத்துல நின்னு, கையில ஒரு தகுதியோட யோசிக்க ஒரு இடம் கிடைக்குது. பிளஸ் டூ வழியாப் போனவனுக்கு அந்த இடம் கிடையாது, அவன் பாதியில நிறுத்தினா கையில ஒண்ணும் இருக்காது. டிப்ளமோவோட பெரிய பலமே அந்த நிறுத்தம்தான். அதனால அவசரப்பட வேண்டாம், யோசிக்கிறதுக்காகவே அமைஞ்ச இடம் அது.

மலைக்காரங்களுக்கு மட்டும் வர்ற செலவு

திண்டுக்கல்லுலயோ மதுரையிலயோ வீடு இருக்கிற பையன் காலேஜ் பஸ்ல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். மன்னவனூர்லயோ கூக்கால்லயோ இருக்கிற பையனுக்கு அது நடக்காது. கொடைக்கானல்ல இருந்து பழனிக்கு சுமார் 65 கிலோமீட்டர் மலைப்பாதை, திண்டுக்கல்லுக்கு அதை விட அதிகம். மேல்மலை கிராமங்கள்ல இருந்து கொடைக்கானல் வந்து சேரவே தனிப் பயணம். மழைக்காலத்துல மண் சரிஞ்சா, மரம் விழுந்தா, அன்னிக்கு பஸ் இல்லை.

கொடைக்கானல்லயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கு. 1984ல் தொடங்கின அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், அட்டுவம்பட்டியில. கலை, அறிவியல் படிக்கிற பெண்களுக்கு அது பெரிய வரம். ஆனா டிப்ளமோ முடிச்சு பி.இ. போகணும்னா ஆணோ பெண்ணோ கீழ இறங்கித்தான் ஆகணும். பழனியில தேவஸ்தானம் நடத்துற அருள்மிகு பழனியாண்டவர் பாலிடெக்னிக்ல படிச்ச நம்ம பசங்க ஏற்கனவே மூணு வருஷம் கீழ தங்கிப் படிச்சவங்கதான். பி.இ.ன்னா இன்னும் மூணு வருஷம் ஹாஸ்டலோ ரூமோ எடுக்கணும். சமவெளியில இருக்கிற மாமா "ஃபீஸ் ஐம்பதாயிரம்தானே"ன்னு சொல்றப்போ அவர் கணக்குல ஹாஸ்டல் இல்லை. நம்ம கணக்குல அதுதான் பெரிய வரி.

சேர்க்கை எப்படி நடக்குது?

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

லேட்டரல் என்ட்ரிக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து ரேங்க் போடுவார்கள், அதன்படி கலந்தாய்வு நடக்கும். பல வருடங்கள் காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரிதான் இதை நடத்தி வந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் இரண்டாம் ஆண்டுக்கென அனுமதித்த கூடுதல் இடங்களும், முதல் ஆண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இதில் வரும். பிளஸ் டூவில் கணக்கு படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் இதே வழியில் சேரலாம்.

முதல் ஆண்டு காலியான இடங்களும் வர்றதால இடத்துக்குப் பஞ்சம் இல்லை. நல்ல காலேஜுக்குத்தான் பஞ்சம். "பி.இ. சீட் கிடைச்சிருச்சு"ங்கிறது இன்னிக்கு ஒரு சாதனை இல்லை. எந்தக் காலேஜ், எந்தப் பிரிவுங்கிறதுதான் கேள்வி.

எந்த டிப்ளமோவுக்கு எந்தெந்தப் பிரிவு கேட்கலாம் என்ற பட்டியல் அந்த வருடத்தின் தகவல் கையேட்டில் இருக்கும். மெக்கானிக்கல் முடித்துவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்க நினைப்பவர்கள் அதை முதலில் பாருங்கள்.

அடுத்து சலுகைகள். வீட்டில் யாருமே பட்டதாரி இல்லையென்றால் முதல் தலைமுறைப் பட்டதாரி சான்றிதழ் வாங்கிவிடுங்கள். 2010-11 கல்வியாண்டில் இருந்து தமிழ்நாட்டில் இந்தக் கட்டணச் சலுகை உண்டு. கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பம், ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. நம்ம மலையில இருக்கிற பளியர் குடும்பங்கள்ல பலருக்கு சாதிச் சான்றிதழ் வாங்குறதுதான் முதல் தடை. அதை அட்மிஷன் வாரத்துல ஆரம்பிச்சா முடியாது, இப்பவே தாலுகா ஆபீஸ் போயிடுங்க.

அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலோ, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலோ மாதம் 1000 ரூபாய் டிப்ளமோ படிக்கும்போதே வாங்கியிருப்பீர்கள். பி.இ.யிலும் அது வரும் என்று சேரப்போகும் கல்லூரி அலுவலகம் உறுதி சொல்லும் வரை அதை வரவுப் பக்கம் எழுத வேண்டாம்.

பேப்பர் எடுத்து எழுதிப் பார்க்கலாம்

கீழ வர்ற தொகைகள்ல ஃபீஸ் மட்டும்தான் ஒரு அளவுகோல்படி. 2017ல் கட்டண நிர்ணயக் குழு, சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு வருடம் 50,000 ரூபாய், தர அங்கீகாரம் பெற்ற படிப்பென்றால் 55,000 என்று வைத்தது. மத்ததெல்லாம் உதாரணத்துக்கு நான் போட்ட எண்கள், உங்க எண்ணை நீங்க போட்டுக்கங்க.

ஃபீஸ் 50,000 வீதம் மூணு வருஷம்: 1,50,000.
ஹாஸ்டல், சாப்பாடு மாசம் 6,000, வருஷத்துக்குப் பத்து மாசம், மூணு வருஷம்: 1,80,000.
தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப், ஊருக்கு வந்து போற பஸ்: 60,000.
கூட்டினா 3,90,000.

இது வெளிய போற பணம். உள்ள வராமப் போற பணம் ஒண்ணு இருக்கு. வேலைக்குப் போயிருந்தா மாசம் 15,000 சம்பளம்னு வைங்க. அந்த 15,000ஐயும் நஷ்டமா எழுதாதீங்க. வெளியூர்ல ரூம், சாப்பாடு போக வீட்டுக்கு எவ்வளவு அனுப்பியிருப்பீங்களோ அதுதான் நஷ்டம். மாசம் 7,000னா 36 மாசத்துக்கு 2,52,000.

ஆக, பி.இ.யோட உண்மையான விலை 6,42,000 ரூபாய்.

இப்போ இந்தப் பணம் எப்போ திரும்பி வரும்? டிப்ளமோவோட போனவனுக்கும் மூணு வருஷத்துல சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கும். அவன் 19,000 வாங்குறப்போ பி.இ. முடிச்சவன் 22,000ல சேர்ந்தான்னா வித்தியாசம் மாசம் 3,000, வருஷம் 36,000. போட்ட பணம் திரும்ப கிட்டத்தட்ட 18 வருஷம் ஆகும். அதே வித்தியாசம் மாசம் 10,000ன்னா, அஞ்சரை வருஷத்துக்குள்ள வந்துடும்.

பாருங்க, படிப்பு அதே பி.இ., செலவும் அதே செலவு. வேலை கிடைக்கிற இடத்தைப் பொறுத்து பலன் மூணு மடங்குக்கு மேல மாறுது. அதனால "பி.இ. போகணுமா?"ன்னு கேட்டா விடை வராது. "எனக்குக் கிடைக்கிற இந்தக் காலேஜ்ல, இந்தப் பிரிவுல முடிச்சவங்க எங்க வேலை பார்க்கிறாங்க?"ன்னு கேளுங்க. காலேஜ் விளம்பரப் பலகையில இருக்கிற ரெண்டு போட்டோவைப் பார்க்காதீங்க. அதே பிரிவுல போன வருஷம் முடிச்ச லேட்டரல் பசங்க நாலு பேரைக் கண்டுபிடிச்சு நேராக் கேளுங்க. நாலு பேருக்கும் வேலை இல்லைன்னா அதுதான் பதில்.

கல்விக் கடன் பத்தி ஒரு வார்த்தை. வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிக்கிற காலத்துல தவணை கட்ட வேண்டாம்னு சொல்லுவாங்க. ஆனா வட்டி அப்பவும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கும். கையெழுத்துப் போடுறது அப்பாதான். கூலி வேலை பார்க்கிற வீட்ல அந்தக் கையெழுத்துக்கு இருக்கிற எடை என்னன்னு உங்களுக்கே தெரியும்.

டிகிரி எந்தக் கதவைத் திறக்குது, எதைத் திறக்கலை?

முதல்ல அப்ரண்டிஸ். 2019ல் திருத்தின விதிப்படி குறைந்தபட்ச உதவித்தொகை டிப்ளமோவுக்கு மாதம் 8,000, பட்டதாரிக்கு 9,000. வித்தியாசம் ஆயிரம் ரூபாய். ஃபேக்டரி வாசல்ல நிக்கிறப்போ மூணு வருஷப் படிப்புக்கு முதல்ல கிடைக்கிற கூடுதல் மதிப்பு சில இடங்கள்ல அவ்வளவுதான்.

அரசு வேலை. ரயில்வே ஜூனியர் இன்ஜினியர், எஸ்எஸ்சி ஜூனியர் இன்ஜினியர் ரெண்டுக்கும் டிப்ளமோ போதும். ஆனா பி.இ. முடிச்சவங்களும் அதையே எழுதலாம், எழுதுறாங்க. டிஎன்பிஎஸ்சியில இளநிலை வரைதொழில் அலுவலர் வேலைக்கு சிவில் டிப்ளமோ. உதவிப் பொறியாளர்னா பி.இ. வேணும். கேட் தேர்வு எழுதி எம்.டெக். போகணும், பொதுத்துறை நிறுவனத்துக்குப் போகணும்னா டிப்ளமோவோட முடியாது.

குரூப் 1, குரூப் 2, பேங்க் ஆபீசர் வேலைக்கெல்லாம் ஏதோ ஒரு டிகிரி போதும். இது முக்கியம். உங்க மனசுல இருக்கிறது குரூப் 2ன்னா அதுக்காக 6 லட்ச ரூபாய் பி.இ. தேவையில்லை. வேலை பார்த்துக்கிட்டே குறைஞ்ச செலவுல ஒரு கலை அறிவியல் பட்டம் வாங்கலாம். திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம்னா மட்டும் ஒரு எச்சரிக்கை: பத்தாவதும் பிளஸ் டூவும் முடித்த பிறகு வாங்கிய பட்டமே அரசு வேலைக்குச் செல்லும் என்று தமிழ்நாடு அரசு 2009ல் ஆணை போட்டது. பத்தாவது முடிச்சு நேரா டிப்ளமோ போனவங்க, டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில கல்வித் தகுதிப் பத்தியை எடுத்து, அதுல டிப்ளமோவை எப்படிச் சொல்லியிருக்காங்கன்னு வரி வரியாப் படிச்சிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்க.

"தபால் வழியில பி.இ."ன்னு யாராவது வந்தா காசு கொடுத்துடாதீங்க. அஞ்சல் வழியில் வாங்கிய பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்புக் கொடுத்துவிட்டது. மெஷினைத் தொடாம இன்ஜினியர் ஆக முடியாதுன்னு நமக்கே தெரிஞ்ச விஷயம்தான்.

இனி என்னோட துறை. பெரிய ஐடி கம்பெனிகள் காலேஜுக்கு வந்து ஆள் எடுக்கிறப்போ முதல் சல்லடை டிகிரிதான். பத்தாவது, டிப்ளமோ, பி.இ. எல்லாத்துலயும் இத்தனை சதவீதம்னு கேட்பாங்க. டிப்ளமோ மார்க் குறைவுன்னா பி.இ. முடிச்சாலும் சில கம்பெனி உள்ள விடாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்லை. இன்னொரு பக்கம் ஜோஹோ மாதிரி கம்பெனி டிகிரியே கேட்காம, பிளஸ் டூ இல்ல டிப்ளமோ முடிச்சவங்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்து சொந்தமா பயிற்சி கொடுக்குது. கோடிங்தான் ஆசைன்னா அந்தத் தேர்வை எழுதிப் பார்த்துட்டு அப்புறம் பி.இ. பத்தி முடிவு பண்ணலாம், நஷ்டம் ஒண்ணும் இல்லை. நான் இன்டர்வியூ எடுக்கிற பக்கம் உட்கார்ந்தும் பார்த்திருக்கேன். உள்ள வர்றதுக்குத்தான் டிகிரி. ஒரு வருஷம் ஆன பிறகு யார் எந்தக் காலேஜ்னு டீம்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வெளிநாடு: அமெரிக்காவோட எச்-1பி விசாவுக்குப் பட்டமோ அதுக்கு இணையான தகுதியோ வேணும். அந்தப் பக்கம் கண்ணு இருந்தா பி.இ.க்கு அர்த்தம் இருக்கு.

மலையிலயே இருக்கணும்னா? மோட்டார் ரீவைண்டிங், சோலார் பேனல், காபி பல்ப்பர் மெஷின் ரிப்பேர், ரிசார்ட் பராமரிப்பு, கட்டட வேலை மேற்பார்வை... இதுல எதுக்கும் ஆள் கூப்பிடுறவங்க டிகிரியைக் கேட்கிறதில்லை. பக்கத்து ஊர்ல வேலை பார்த்த பேரைத்தான் கேட்பாங்க. ஊர்லயே தொழில் பண்றதுன்னு தீர்மானம் இருந்தா அந்த மூணு வருஷத்தையும் பணத்தையும் கடைக்கும் கருவிகளுக்கும் போடுறது புத்திசாலித்தனம்.

மூணாவது செமஸ்டர் கணக்குப் பாடம்

பணம் சரி, காலேஜும் சரின்னு வைங்க. அடுத்த சோதனை படிப்பு.

லேட்டரல்ல வர்றவங்க பி.இ. முதல் வருஷத்துல இருக்கிற ரெண்டு கணக்குப் பேப்பரையும் படிக்காம நேரா மூணாவது செமஸ்டர்ல உட்காருவாங்க. மெக்கானிக்கல், சிவில்னா அங்க காத்திருக்கிறது ஃபூரியர் தொடர், பகுதி வகைக்கெழுச் சமன்பாடு. பிளஸ் டூவுல ஒரு வருஷம், முதலாமாண்டுல ஒரு வருஷம்னு தொகையீட்டை அரைச்சுக் குடிச்சவங்களே தடுமாறுற இடம் அது. எங்க கிளாஸ்ல லேட்டரல்ல வந்தவங்க லேப்ல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. லேத்ல நாங்க பயந்து பயந்து நின்னப்போ அவங்க கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்த்தாங்க. ஆனா முதல் செமஸ்டர்லயே பல பேருக்குக் கணக்குல அரியர். அறிவு குறைவுங்கிறது காரணம் இல்லை, நடுவுல ரெண்டு படிக்கட்டு இல்லை. அவ்வளவுதான்.

அட்மிஷனுக்கும் கிளாஸுக்கும் நடுவுல கிடைக்கிற வாரங்கள்ல நாலு விஷயம் மட்டும் போடுங்க: வகையீடு, தொகையீடு, அணிகள், கலப்பெண்கள். பிளஸ் டூ கணக்குப் புத்தகம் தமிழ்லயே இருக்கு, பாடநூல் கழகத் தளத்துல இலவசமா இறக்கிக்கலாம். தினம் ரெண்டு மணி நேரம் போதும். ரெண்டு வாரம் போட்ட பிறகும் அந்தப் புத்தகத்தைத் திறக்கவே மனசு வரலைன்னா, அதையும் ஒரு தகவலா எடுத்துக்கங்க. வரப்போற மூணு வருஷம் எப்படி இருக்கும்னு அது சொல்லுது.

வேலையா படிப்பான்னு ரெண்டா மட்டும் பார்க்க வேண்டாம்

மூணாவது வழி இருக்கு. டிப்ளமோ முடிச்ச அதே வருஷமே லேட்டரல் சேரணும்னு கட்டாயம் இல்லை. ஒரு வருஷம் அப்ரண்டிஸ் பார்த்துட்டு, கையில கொஞ்சம் காசோட, எந்தப் பிரிவு நமக்கு ஒத்துவரும்னு தெரிஞ்சுக்கிட்டு வரலாம். கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி மாதிரி சில இடங்கள்ல வேலை பார்க்கிறவங்களுக்கு மாலை நேர பகுதி நேர பி.இ. ரொம்ப காலமா உண்டு. 2023-24ல் இருந்து ஏஐசிடிஇயும் வேலை பார்க்கிறவங்களுக்குன்னு தனி அனுமதி கொடுக்க ஆரம்பிச்சிருக்கு. நம்ம மலையில இருந்துக்கிட்டு அது முடியாது. ஆனா முதல் வேலையை கோயம்புத்தூர் பக்கம் தேடிக்கிட்டா அந்தக் கதவு திறந்தே இருக்கும். சம்பளம் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம்னு முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கிறப்போ, "எந்த ஊர்ல?"ங்கிறதையும் அதோட சேர்த்துப் பாருங்க.

இந்த மூணாவது வழியில ஒரு ஆபத்து உண்டு. சம்பளம் கைக்கு வந்ததும் வீடு அதுக்குப் பழகிடும். தவணை, சீட்டு, வீட்டு ரிப்பேர்னு ஒவ்வொண்ணா வந்து சேரும். "ஒரு வருஷம்தான்"னு போறவங்க அந்தத் தேதியை அப்பா அம்மா முன்னாடி சொல்லி, காலண்டர்ல எழுதிட்டுப் போங்க.

பெண்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். பையன் பி.இ. போகலைன்னா வேலைக்குப் போவான். பொண்ணு பி.இ. போகலைன்னா பல வீட்ல அடுத்த பேச்சு வேலை பத்தி இருக்காது, வரன் பத்தி இருக்கும். அப்படிப்பட்ட வீடுன்னா மேல நான் போட்ட 18 வருஷக் கணக்கைக் காட்டி யாரும் உங்களை நிறுத்த விடாதீங்க. அந்த மூணு வருஷத்துக்குப் பணத்தைத் தாண்டின மதிப்பு உண்டு. சொந்தமா முடிவெடுக்கிற வயசுக்கும் தகுதிக்கும் நீங்க வந்து சேர்றதுக்கான நேரம் அது. வேலைக்கு அனுப்ப வீடு தயார்னா மட்டும் ரெண்டையும் ஒரே தராசுல வைங்க.

என்னோட முடிவு

கேட்டதுக்கு நேராப் பதில் சொல்லாமப் போனா நல்லா இருக்காது. அதனால சொல்றேன்.

கலந்தாய்வுல அரசு, அரசு உதவி பெறும் கல்லூரி, இல்ல வேலை வாய்ப்பு நிஜமாவே இருக்கிற ஒரு சுயநிதிக் கல்லூரி, அதுவும் முதல் பட்டதாரிச் சலுகையோடவோ உதவித்தொகையோடவோ கிடைச்சா, போங்க. தயங்காதீங்க.

கலந்தாய்வுல நல்லது எதுவும் கிடைக்கலை, ஏஜென்ட் ஒருத்தர் மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட் வாங்கித் தர்றேங்கிறார், அதுக்குக் கடன் வாங்கணும்னா, வேண்டாம். கிடைச்ச வேலைக்குப் போங்க. அடுத்த வருஷமும் கலந்தாய்வு நடக்கும்.

ஏதோ ஒரு டிகிரி தேவைங்கிற அரசு வேலைதான் குறின்னா, பி.இ.யை விட்டுட்டு குறைஞ்ச செலவு வழியைப் பாருங்க.

ரெண்டுக்கும் நடுவுல நிக்கிறவங்க இந்த வாரம் நாலு வேலை செய்யுங்க. ஒண்ணு, ஒரே பேப்பர்ல உங்க வீட்டு எண்களைப் போட்டு மொத்த விலையை எழுதுங்க. ரெண்டு, நீங்க நினைக்கிற காலேஜ்ல படிச்ச லேட்டரல் சீனியர் நாலு பேர்கிட்ட பேசுங்க. மூணு, சாதி, வருமானம், முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டுடுங்க. போகலைன்னாலும் அது வீணாகாது. நாலு, லேட்டரல் விண்ணப்பத்தை எப்படியும் போட்டு வைங்க. விண்ணப்பம் போட்டா சேரணும்னு இல்லை. போடலைன்னா யோசிக்கவே ஒண்ணும் இருக்காது.

இந்த எபிசோடை வீட்ல அப்பா அம்மாவுக்கும் போட்டுக் காட்டுங்க. அந்தப் பேப்பரை நடுவுல வச்சுக்கிட்டுப் பேசினா, சண்டை பாதியாக் குறையும். லேட்டரல்ல சேர்ந்து படிச்சவங்க, வேலைக்குப் போயிட்டு திரும்பப் படிக்க வந்தவங்க யாராவது கேட்டுக்கிட்டிருந்தா உங்க அனுபவத்தை அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல சேர்த்துக்கலாம்.